எனக்கு றால் ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன வெள்ளிக்கிழமை

தம்பி,

போன ஞாயிறு நீ ஒட்டாவாவிலிருந்து எடுத்த போனை வைத்த கையோடு நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது. மேலே படுத்திருந்த உன் அப்பா மணம் பிடித்து இறங்கி வந்துதான் அடுப்பை நூர்த்தார். "என்னப்பா, பிள்ளைக்கு ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். பிள்ளைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, அவன் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசப் போகிறான், அதுதான் பிரச்சினை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றுமில்லை, கண் அயர்ந்துவிட்டேன் என்று சொல்லிச் சட்டியை ஊற வைத்தேன்.

நீ சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "அம்மா, வாற மாதம் புதுசா வேலைக்கு வந்த ஆக்களுக்கு முன்னாலை நான் கதைக்க வேணும். எல்லாரும் இந்த நாட்டுப் பூர்வகுடிப் பிள்ளையள். கவர்மெண்ட் ஒஃபிஸுக்கு வாறதுக்கே பயப்பிடுகினம், வந்தாலும் ஒரு வருசத்திலை விட்டிட்டுப் போகினம். நான் உங்கடை கதையைத்தான் சொல்லப் போறன். லண்டன் கவுன்சிலிலை ஒரு வேடப் பிள்ளையை, எங்கடை நாட்டுப் பூர்வகுடிப் பிள்ளையை, பிடிச்சு வேலைக்கு எடுத்தது என்ரை அம்மாதான் எண்டு." அரசாங்க வேலைக்கு அந்தப் பிள்ளைகளைக் கொண்டுவருவதும், வந்தவர்கள் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும்தான் உன் புது வேலை. நீ விமானம் ஏறும்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். என்றைக்கோ ஒருநாள் இது என்னிடம் வரும் என்று. எனக்கு விளங்கவில்லை. ஹீத்ரோவில் நின்று, உனக்குக் குளிர்ச் சட்டை போதுமோ என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தெரிந்தது பாதிக் கதை. மற்றப் பாதியை நான் உனக்குச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதோடு நிற்கவில்லை, அதற்குப் பதிலாக ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறேன். இதை வாட்ஸ்அப்பில் உனக்கு மட்டும் அனுப்பி முடித்திருக்கலாம். ஆனால் முதல் பாதியை நான் உனக்கு மட்டுமா சொன்னேன்? எங்கள் வேதக்கோயில் மாதர் சங்கத்தில் சொன்னேன், ஹரோவில் தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில் மைக் பிடித்துச் சொன்னேன், பார்ட்டிகளில் சொன்னேன். அதனால் இந்தக் கடிதத்தையும் சங்கத்தின் ஆண்டு மலரில் போடும்படி கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இங்கே சுகந்தி என்று பேர் வைக்கிறேன். அது அவளுடைய பேர் இல்லை. ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கவுன்சிலின் வீட்டுப் பிரிவில் நான் ஒரு சின்ன அணிக்குப் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். வீடு கேட்டு வருகிறவர்கள், கூரை ஒழுகுகிறது என்று வருகிறவர்கள், வாடகை கட்ட ஏலாமல் வருகிறவர்கள். போன வருஷத்துக்கு முதல் வருஷம், இதுவரை கவுன்சில் பக்கம் வேலைக்கு வராத சமூகங்களிலிருந்து ஆட்களை எடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். நேர்முகத்தில் இரண்டு வெள்ளைக்காரரும் நானும் இருந்தோம். சுகந்தி ஒரு பெரிய கோட் போட்டுக்கொண்டு வந்தாள். கலியாணம் முடித்து ஹவுன்ஸ்லோவுக்கு வந்தவள், புருஷனுக்கு ஏர்போர்ட்டில் வேலை. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, கோட்டின் பொத்தானைப் பிடித்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள்: நாங்கள் வேடர், இலங்கையின் கிழக்குக் கரையில் மற்ற எல்லாருக்கும் முதல் இருந்த ஆட்கள், எங்கள் ஊரில் அரசாங்கக் கந்தோருக்குள் வரிசையில் நிற்கப் போனவர்கள் இருக்கிறார்கள், கதிரையில் இருக்கப் போனவர்கள் இல்லை, நான் அந்தக் கதிரையில் இருந்து பார்க்க வேண்டும். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் வெளியே போனதும் மற்ற இரண்டு பேருக்கும் வேடர் யார், தமிழ் பேசுகிற கரையோர வேடர் யார், அவர்கள் எப்படி ஒதுக்கப்பட்டார்கள் என்று நான் ஒரு வகுப்பே எடுத்தேன். இந்தப் பிள்ளையைத்தான் எடுக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். இது முழுக்க உண்மை. இதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

நான் அப்படி அடித்துப் பேசியதற்கு ஒரு காரணம் உண்டு. உன் அம்மப்பா கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்கக் கந்தோரில், கிளார்க்காக இருந்து, சிங்களம் கட்டாயம் என்ற சட்டம் வந்தபோது சிங்களம் பாஸ் பண்ண மாட்டேன் என்று நின்று, வேலையை இழந்து வீட்டுக்கு வந்த மனுஷன். அதற்குப் பிறகு அவர் ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை. கந்தோரில் பக்கத்துக் கதிரைக்காரன் தன்னோடு பேசுவதை எப்படி விட்டான் என்பதை நத்தார், கிறிஸ்மஸ் சாப்பாட்டு மேசையில் வருஷம் தவறாமல் சொல்வார். நாங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்ந்தோம், நீயும் என் வாயால் கேட்டிருக்கிறாய். அரசாங்கக் கதிரையிலிருந்து ஒரு மனுஷனை எழுப்பி விடுவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை என்ற நினைப்பு எனக்கு. அந்த நினைப்பில்தான் என் கண் மறைந்தது.

எங்கள் பிரிவில் தமிழர்கள் ஒரு மேசை நிறைய இருக்கிறோம். வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் ஆளுக்கொரு கறி கொண்டுவந்து, அந்தச் சின்னக் கிச்சினில் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, எல்லாரும் எல்லாவற்றிலும் போட்டுச் சாப்பிடுவோம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் மூக்கை நீட்டிக்கொண்டு வந்து ஒரு கரண்டி கேட்பார்கள். சுகந்தி வந்த முதல் வெள்ளிக்கிழமை என் கூட்டாளி ரஞ்சி, எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டா. "எந்த ஊர் பிள்ளை?" மட்டக்களப்பு என்றாள். "மட்டக்களப்பிலை எவ்விடம்?" வாகரைப் பக்கம் என்றாள். "ஐயோ, போன ஆளை மந்திரத்தாலை பாயோடை ஒட்டி விடுற ஊரோ!" என்று ஒருவர் பகிடி விட, எல்லாரும் சிரிக்க, அவளும் சிரித்தாள். ரஞ்சி விடவில்லை. "வாகரையிலை ஆற்றை ஆக்கள்?" யாருடைய ஆட்கள் என்ற இந்தக் கேள்வியின் அடி உனக்குத் தெரியாது, தம்பி, நீ இங்கே பிறந்தவன். ஊர் கேட்பது ஊருக்காக இல்லை. ஊர், குறிச்சி, கோயில் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்து, இந்த ஆளை எந்தத் தட்டில் வைப்பது என்று பார்க்கிற வேலை அது. லண்டனுக்கு வந்து இத்தனை காலம் கழிந்தும் அது எங்கள் நாக்கை விட்டுப் போகவில்லை.

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் பேச்சை மாற்றியிருக்கலாம். ரஞ்சி, சோறு ஆறுது, சாப்பிடு என்று ஒரு அதட்டல் போட்டிருக்கலாம், அதட்டலுக்குப் பேர்போனவள்தானே நான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய மனுஷி மாதிரி நிமிர்ந்து இருந்துகொண்டு, "அவ வேட ஆக்கள், ரஞ்சி. நான்தான் பாத்து எடுத்தனான்" என்று சொன்னேன். நேர்முக அறைக்குள் சொன்னது வெளியே வரக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் பரந்த மனசை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.  ரஞ்சி, "ஓ, அப்பிடியோ?" என்றா, அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சுகந்தி றால் குழம்பு கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் கிச்சின் முழுக்க மணம். நடுவில் வைத்தாள். ஒருவருக்கு அன்றைக்கு விரதம். ஒருவர் டயட். ரஞ்சி தன் பெட்டியைத் திறந்து தன் சோற்றைத் தானே சாப்பிட்டா. எல்லாருடைய கண்ணும் என்னில். நான் பொறுப்பாளர், நான் ஒரு கரண்டி போட்டிருந்தால் மற்றவர்களும் வெட்கத்துக்காவது போட்டிருப்பார்கள். சுகந்தி கரண்டியை என் பக்கம் நீட்டி, "அக்கா, போடட்டா?" என்று கேட்டாள். நான் சொன்னேன், "எனக்கு றால் ஒத்துக்கொள்ளாது, பிள்ளை." நீ இதை வாசித்துச் சிரிப்பாய். ஈஸ்ட் ஹாம் மீன்கடையில் றாலுக்காக வரிசையில் நின்று சண்டை பிடிக்கிற உன் அம்மாவுக்கு, உன் தட்டில் மிஞ்சின றாலையும் எடுத்துத் தின்கிற உன் அம்மாவுக்கு, றால் ஒத்துக்கொள்ளாதாம். சிரித்து முடிய யோசித்துப் பார், எனக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று. நான் என்னைச் சாதி பார்க்காதவள் என்று நம்பிக்கொண்டிருந்தேன், தம்பி. நாக்கு என்னைக் கேட்காமலே அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டது. அவள் மூடியைப் போட்டு, பெட்டியைப் பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் வெள்ளிக்கிழமைகளில் வெளியே பார்க் பெஞ்சில் இருந்து பாண் சான்ட்விச் சாப்பிட்டாள். கொஞ்ச நாளில் மேசையில் கறிகள் பழையபடி நடுவுக்கு வந்தன. நானும் போட்டுச் சாப்பிட்டேன்.

இதை எழுதும்போது நீ உன் முதல் வேலையில் இருந்த காலம் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெரிய அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியில் இருந்துகொண்டு சொன்னாய்: "ஒருத்தரும் என்னோடை பிழையாக் கதைக்கேல்லை அம்மா. மத்தியானம் எல்லாரும் எழும்பிப் போகேக்கை என்னைக் கூப்பிட மட்டும் மறந்துபோகினம்." அன்றைக்கு நான் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் திட்டித் தீர்த்தேன். மனுசத்தன்மை இல்லாத ஜென்மங்கள் என்றேன். நீ அந்த வேலையை விட்டபோது உன்னைப் பொறுமை இல்லாதவன் என்று அப்பா சொன்னார், நான் அப்பாவோடு சண்டை பிடித்தேன். சண்டை பிடித்த அதே வாயால்தான் சுகந்திக்கு அந்தப் பொய்யைச் சொன்னேன்.

அவள் வேலையில் கெட்டிக்காரி. அதில் ஒரு குறையும் இல்லை. அதனால் நான் அவளுக்குச் செய்த மற்ற வேலையும் வெளியில் தெரியவில்லை. டைரக்டர் வந்தால், வெளியார் வந்தால், "சுகந்தி, இங்கை ஒருக்கா வாரும்" என்று கூப்பிட்டு முன்னால் நிறுத்துவேன். போஸ்டருக்குப் படம் எடுக்க அவள். ஏதாவது விழாவில் ஐந்து நிமிஷம் தன் மக்களைப் பற்றிப் பேச அவள். திருத்தவேலை பார்க்கிற பகுதியில் ஒரு இடம் வந்தபோது, அதற்குப் பயிற்சி எடுக்கலாமா என்று ஒருநாள் வந்து கேட்டாள். "கொஞ்சம் பொறும் பிள்ளை, இப்பதானே வந்தனீர்" என்றேன். அந்தப் பயிற்சிக்கு ரஞ்சியின் சொந்தக்காரப் பிள்ளை போனாள். அவளும் சுகந்தி வந்த காலத்தில் வந்தவள்தான். நீ உன் கந்தோரில் இதைக் கவனி, தம்பி. யாரைப் படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள், யாரைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று பார். இரண்டும் ஒரே ஆளாக இல்லாவிட்டால், படத்தில் இருக்கிற ஆள் போகத் தயாராகிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்.

கடைசி நாளைச் சொல்ல வேண்டும். எங்கள் கோயில் ஆள் ஒருவர், உனக்கும் தெரிந்தவர், வீட்டுப் பிரச்சினையோடு வந்தார். அவருடைய கேஸ் சுகந்தியிடம் இருந்தது. கிச்சினில் நான் சொன்னது அதற்குள் கோயில் வரைக்கும் போயிருந்தது. அவர் அவளுக்கு முன்னால் போய் இருக்காமல் நேரே என் மேசைக்கு வந்து, "தங்கச்சி, அந்தப் பிள்ளை வேண்டாம். நீங்கள் பாருங்கோ, இல்லாட்டி வேறை ஆரும் எங்கடை ஆக்களைப் போட்டுத் தாங்கோ" என்றார். சுகந்திக்குக் கேட்கிற தூரம்தான். இதே மேசைக்கு ஒரு வெள்ளைக்காரி வந்து, எனக்கு இந்த ஆசியக்காரி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் செக்யூரிட்டியைக் கூப்பிட்டிருப்பேன். ஏன் வேண்டாம் அண்ணை என்று ஒரு சொல் கேட்டிருந்தால் போதும், அவர் வாயடைத்துப் போயிருப்பார். நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று நினைத்தேன். "ரஞ்சி, இவரின்ரை கேஸை நீர் எடும்" என்று சொன்னேன். சுகந்தி எழும்பி வந்து ரஞ்சியின் மேசையில் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்து, எது முடிந்தது எது முடியவில்லை என்று விளங்கப்படுத்திவிட்டுப் போனாள்.

அந்தக் கிழமை முடியுமுன்பே வேலையை விடுகிறேன் என்று வந்து சொன்னாள். ஏன் என்று கேட்டேன். கேட்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ. அவள் கோபப்படவில்லை. "இண்டர்வியூவில வெள்ளக்காரருக்கு முன்னால நான் வேடர் எண்டு சொல்லக்குள்ள எனக்குப் பயமில்ல அக்கா. அவங்களுக்கு அது என்னெண்டும் தெரியா. நீங்க அங்க இருந்ததுதான் பயம். ஆனா மறுகா நீங்க என்னைப் பாத்துச் சிரிச்சீங்க. அந்தச் சிரிப்ப நம்பித்தான் வந்தன்" என்றாள்.  அவள் போன பிறகு மேலிடத்தில் காரணம் கேட்டார்கள். புருஷனுடைய ஷிப்ட் சரிவரவில்லையாம், பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லையாம் என்று சொன்னேன். நீ கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். "பாவம் அம்மா, நீங்கள் எவ்வளவு செய்தனீங்கள்" என்று நீ எனக்கு ஆறுதல் சொன்னாய். அந்த ஆறுதலை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். எல்லாவற்றிலும் எனக்கு அதுதான் பெரிய வெட்கம்.

உன் போன் வந்து இரண்டு நாள் கழித்து ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. சுகந்தி கதவைத் திறந்து, "வாங்க அக்கா" என்றாள். தேத்தண்ணி தந்தாள். ஏர்போர்ட்டில் ஒரு கடையில் வேலை செய்கிறாளாம். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, பழக்கதோஷம், "எங்கடை பிரிவிலை இப்ப ஒரு இடம் இருக்கு, நான் கதைச்சு எடுத்துத் தாறன்" என்றும் சொல்லிவிட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "திரும்பவும் உங்கட தயவிலயா அக்கா? வேணாம். வர மனமிருந்தா நானே அப்ளை பண்ணுவன்." நான் தலையைக் குனிந்துகொண்டு, அப்படியென்றால் நான் என்ன செய்ய என்று கேட்டேன். "நான் ஷிப்டால போனன் எண்டு சொல்லித் திரியிறீங்களாம். எனக்குக் காதுக்கு வருது. எனக்கு வேலை செய்ய ஏலாம நான் போகல்ல. அத மாத்திச் சொல்லுங்க. சொன்ன இடத்திலெல்லாம் மாத்திச் சொல்லுங்க."

அதனால் சொல்லத் தொடங்கினேன். என் மனேஜருக்கு முதலில் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னை வேறு ஆளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். இனி என்ன நடக்கும் என்று தெரியாது. நேர்முகங்களில் இனி என்னை இருத்த மாட்டார்கள், அது நியாயம். கிச்சினில் சொன்னேன். "உதை ஏன் இப்ப கிளறுறியள்? அந்தப் பிள்ளை போயிட்டுது, நாங்கள் ஒருத்தரும் அவளை ஒரு சொல் சொல்லேல்லையே" என்று ரஞ்சி அழுதா. சொல்லவில்லைத்தான், அதுதான் நாங்கள் செய்தது என்றேன். அவ இப்போது என்னோடு பேசுவதில்லை. மாதர் சங்கத்துக்கு இந்தக் கடிதம் போகிறது. அந்தக் கேஸ்காரருக்கும் இன்றைக்கு ஞாயிறு பூசை முடிய வாசலில் வைத்துச் சொன்னேன், அவர் தனக்கு ஒன்றும் விளங்காத மாதிரிக் காரை நோக்கிப் போய்விட்டார். எல்லா இடத்திலும் சொல்ல எனக்கு ஏலுமாயிருந்தது. உனக்குச் சொல்லத்தான் கை வரவில்லை. நீ ஒருத்தன்தான் என்னை நல்ல மனுஷி என்று நம்பி ஒரு வேலையையே தேடிப் போனவன். உன் அப்பா, "பிள்ளைக்கு உதை எழுதித்தான் ஆகவேணுமோ? அவன் உடைஞ்சு போவான்" என்றார். உடைந்தால் உடையட்டும் தம்பி. அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நீ என் பொய்யைச் சொல்லி அவர்கள் கைதட்டுவதை விட அது பரவாயில்லை.

சுகந்தியிடமிருந்து புறப்படும்போது உன்னைப் பற்றிச் சொன்னேன். என் மகன் கனடாவில் இப்படி ஒரு வேலையில் இருக்கிறான், உன் கதையை அங்கே பேசப் போகிறேன் என்கிறான், சொல்லலாமோ என்று கேட்டேன். உன்னுடைய கதையை ஒருமுறை உன்னைக் கேட்காமல் சொன்னவள் நான், இந்த முறை கேட்டுச் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன்.  "சொல்லட்டும். ஆனா என்ர பேர் வேணாம், என்ர ஊர் வேணாம். உங்கட பேரச் சொல்லட்டும்" என்றாள்.

ஆகையால் தம்பி, அந்த மேடையில் நீ என் கதையைச் சொல், முழுவதையும் சொல். உனக்கு மனம் வராது, எனக்குத் தெரியும். லண்டனில் ஒரு அதிகாரி இப்படிச் செய்தாள், ஒரு தமிழ்ப் பெண் இப்படிச் செய்தாள் என்று சொல்லி என்னை மறைக்கப் பார்ப்பாய். மறைக்காதே. உன் முன்னால் இருக்கிற பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட அதிகாரிகளை நிறையத் தெரியும். சிரித்து வரவேற்று, பிறகு தட்டைத் தள்ளி வைத்தவர்களை எல்லாம் அவர்கள் கண்டுதான் வந்திருப்பார்கள். அந்த ஆள் யார் என்று ஒருவரும் எழும்பிச் சொல்லித்தான் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். நீ எழும்பிச் சொல். அவள் என் பேரைத்தான் கேட்டாள். நீ என்னைக் கூப்பிடுகிற பேர் ஒன்றுதான். அதைச் செய்தது என்ரை அம்மா என்று சொல்.